ஒரே புராஜெக்ட், மூன்று மொழிகள்: எந்தக் கோப்புக்கு எந்த ஃப்ளாக்?

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ படித்தவர்களுக்குக் கம்பைலர் என்றால் என்னவென்று தெரியும். நாம் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய கட்டளைகளாக அது மாற்றித் தருகிறது. அப்போது கையில் இருப்பது ஒரே ஒரு கோப்பு. ஒரு பொத்தானை அமுக்கினால் வேலை முடிந்துவிடும். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் கம்பைலருக்குச் சொல்லக்கூடிய விருப்பங்கள் நூற்றுக்கணக்கில் இருப்பது அந்த வயதில் தெரிய வேண்டியதும் இல்லை. இரண்டு மூன்று மொழிகளில் எழுதிய நிரல்கள் ஒரே புராஜெக்ட்டில் சேரும்போதுதான் அது தெரிந்தே ஆக வேண்டியதாகிறது.

அந்த விருப்பங்களைத்தான் ஃப்ளாக் என்கிறோம். ஜிசிசி, கிளாங் போன்ற கம்பைலர்களை முனையத்திலிருந்து கூப்பிடும்போது கோப்பின் பெயரோடு ஒரு சிறு கோடும் சில எழுத்துகளும் சேர்த்துத் தருவோம். ‘ஓ2’ என்றால் வேகமாக ஓடும்படி மெருகேற்று. ‘ஜி’ என்றால் பிழை தேட உதவும் தகவலையும் உள்ளே வை. ‘வால்’ என்றால் சந்தேகம் வரும் இடங்களில் வார்னிங் கொடு. ‘வெர்ரர்’ என்றால் வார்னிங் வந்தாலே எர்ரராக எடுத்துக்கொண்டு நிறுத்திவிடு. தட்டச்சு செய்யும்போது இவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே ஒலிப்பின்படி எழுதுகிறேன்; சிலவற்றின் முன்னால் வரும் ‘எஃப்’ போன்ற எழுத்தை விட்டிருக்கிறேன்.

ஒரு புராஜெக்ட்டை எடுத்துக்கொண்டு பேசினால் விஷயம் சுலபமாகப் பிடிபடும். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகள் இறுதியாண்டுக்குத் தலைப்பு தேடினால் தண்ணீர்க் கணக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிந்தபிறகு, கிளை வாய்க்கால் மதகுகளைத் தாண்டிக் கடைமடைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது? குறுவை போட்ட வீடுகளில் தினமும் பேசுகிற கேள்வி இது. இதற்கு ஒரு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

அதில் நான்கு ஃபோல்டர்கள். முதலாவது ‘கருவி’. மதகுக்கு மேலே பொருத்திய அல்ட்ராசானிக் சென்சாரிலிருந்து நீர்மட்டத்தைப் படிக்கிற சி நிரல் இதில் இருக்கிறது. இரண்டாவது ‘கணக்கு’. வாய்க்காலின் குறுக்குப் பரப்பு, சரிவு, தரையின் சொரசொரப்பு ஆகியவற்றை மேனிங் சூத்திரத்தில் போட்டு விநாடிக்கு எத்தனை கனஅடி என்று கண்டுபிடிக்கும் ஃபோர்ட்ரான் நிரல். மண் வாய்க்காலுக்குச் சொரசொரப்பு எண் சுமார் 0.025 என்றும், கான்கிரீட் போட்ட வாய்க்காலுக்குச் சுமார் 0.015 என்றும் வைப்பது வழக்கம். இந்த நிரல் பல ஆண்டுகளுக்கு முன் எழுதியது. ஒவ்வொரு வரியிலும் கட்டளை 7ஆம் கட்டத்தில் தொடங்கி 72ஆம் கட்டத்துக்குள் முடிய வேண்டும் என்ற பஞ்ச் கார்டு காலத்து வடிவத்திலேயே இன்னும் இருக்கிறது. மூன்றாவது ‘திரை’. மாணவர்கள் புதிதாக எழுதிய சி++. வரைபடமும் எச்சரிக்கையும் இதில்தான். நான்காவது ‘வெளி’. வரைபடம் வரைவதற்காக வேறு யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த சி லைப்ரரி.

இப்போது எல்லோரும் செய்வது, பில்ட் கோப்பின் (எதை எப்படிக் கம்பைல் செய்து ஒட்டுவது என்று எழுதிவைக்கும் கோப்பின்) தலையில் ஒரே வரியில் எல்லா ஃப்ளாக்கையும் எழுதி நான்கு ஃபோல்டருக்கும் பொதுவாக்கிவிடுவது. முதல் நாளே சிக்கல் வரும். சி++17 (சி++ மொழியின் 2017ஆம் ஆண்டுத் தர வரையறை) வேண்டும் என்ற ஃப்ளாக்கை சி கோப்புக்கும் கொடுத்தால் ஜிசிசி “இது சி++க்கு உரியது” என்று வார்னிங் தந்துவிட்டுப் போகும். கிளாங் எர்ரர் போட்டு நின்றுவிடும். ‘வெர்ரர்’ போட்டிருந்தால், ‘வெளி’ ஃபோல்டரில் யாரோ எழுதிய நிரலில் வரும் வார்னிங்குக்காக உங்கள் பில்ட் நிற்கும். அதைச் சரிசெய்ய அந்த லைப்ரரியின் உள்ளே கைவைக்கவும் முடியாது. வைத்தால் அடுத்த பதிப்பு வரும்போது எல்லாம் போய்விடும். எரிச்சலில் ‘வெர்ரர்’ஐயே எடுத்துவிடுவார்கள். அதோடு தங்கள் சொந்த நிரலுக்கு இருந்த பாதுகாப்பும் போய்விடும். எனக்கு உண்மையில் வருத்தம் தருவது இந்தக் கடைசிப் படிதான்.

ஃப்ளாக்கை நிரல் துண்டுக்குச் சொந்தமானதாகப் பார்க்கப் பழக வேண்டும். இந்த ஃபோல்டர் எந்தக் காலத்தில், எந்த மொழியில், யாரால் எழுதப்பட்டது, என்ன வேலை செய்கிறது என்பதுதான் அதற்குரிய ஃப்ளாக்கைத் தீர்மானிக்கிறது. இதற்கு விலக்கான ஒரு சிறு கூட்டமும் உண்டு. அவற்றை எல்லாத் துண்டுக்கும் ஒரே மாதிரி வைத்தாக வேண்டும். ஒன்றில் மாறினாலும் மொத்தமும் கெடும். இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். மீதியைக் கையேட்டைப் பார்த்தே செய்துகொள்ளலாம்.

முதலில் துண்டுக்குத் துண்டு மாறலாம் என்ற வகை. பழைய ஃபோர்ட்ரானில் ஒரே சப்ரூட்டீனை (பெயர் சொல்லிக் கூப்பிடும் நிரல் துண்டை) ஓரிடத்தில் முழு எண் கொடுத்தும் இன்னோரிடத்தில் தசம எண் கொடுத்தும் கூப்பிடும் பழக்கம் இருந்தது. ஜிசிசி 10 வந்த 2020 முதல் இது எர்ரர். அதுவரை ஓடிக்கொண்டிருந்த நிரல் திடீரென்று கம்பைல் ஆகாது. இதற்கென்றே ‘அலவ்-ஆர்க்யுமென்ட்-மிஸ்மேட்ச்’ என்ற ஃப்ளாக் இருக்கிறது. எர்ரரை வார்னிங்காக இறக்கிவிடும். ‘கணக்கு’ ஃபோல்டருக்கு மட்டும் அதைக் கொடுங்கள். நாளைக்கு நீங்களே புதிதாக ஃபோர்ட்ரான் எழுதினால் அதைத் தனி ஃபோல்டரில் வைத்து, இந்தச் சலுகை இல்லாமல் கம்பைல் செய்யுங்கள்.

சி மொழிக்கும் இதே கதைதான். ஜிசிசி 14, அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவதை எர்ரராக்கியது. ஜிசிசி 15 எதுவும் சொல்லாவிட்டால் சி23 தரத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் ‘பூல்’ என்பது மொழியின் சொந்தச் சொல்; பழைய நிரலில் யாராவது ‘பூல்’ என்று தாங்களே ஒரு வகையை உருவாக்கியிருந்தால் அங்கேயே நின்றுபோகும். ஆகவே ‘வெளி’ ஃபோல்டருக்கு சி99 அல்லது சி11, ‘திரை’க்கு சி++17 என்று தரத்தை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ஆய்வகக் கணினியில் ஒரு ஜிசிசி, வீட்டு லேப்டாப்பில் இன்னொரு ஜிசிசி என்று இருக்கும் மாணவர்களுக்கு இது ஒன்றே பாதித் தலைவலியைக் குறைக்கும்.

அடுத்து வேகம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் வரும் தவறு சத்தமே போடாது.

மேனிங் சூத்திரத்தில் பரப்பை ஈரச் சுற்றளவால் (குறுக்குவெட்டில் தண்ணீர் தொடும் கரை, தரையின் நீளத்தால்) வகுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கை எடுக்க வேண்டும். ஒவ்வொரு வாய்க்காலையும் சிறு சிறு நீளங்களாக வெட்டி, ஒவ்வொரு நிமிடத்துக்கும் இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் கணக்கு மெதுவாகத்தான் ஓடும். யாராவது ‘ஃபாஸ்ட்-மேத்’ போட்டுப் பார் என்பார்கள். போட்டால் வேகம் கூடவும் கூடும். அந்த ஃப்ளாக் கம்பைலருக்குத் தரும் அனுமதிகளில் ஒன்று இது: எண்கள் எல்லாம் ஒழுங்கான எண்கள்தான், முடிவிலியோ ‘நான்’ எனப்படும் எண்-அல்லாத மதிப்போ வரவே வராது என்று நம்பிக்கொள்.

இப்போது ‘கருவி’ ஃபோல்டருக்குப் போவோம். சென்சார் முன்னால் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டாலோ கம்பி அறுந்தாலோ அளவு கிடைக்காது. அப்போது சி நிரல் நீர்மட்டம் என்ற இடத்தில் ‘நான்’ மதிப்பை வைக்கிறது. அடுத்த வரியில் ‘இஸ்நான்’ என்று கேட்டு, ஆமாம் என்றால் “சென்சார் பழுது” என்று திரைக்குச் சொல்கிறது. சரியாக எழுதிய நிரல். ‘ஃபாஸ்ட்-மேத்’ இந்தக் கோப்புக்கும் போய்விட்டால், ‘நான்’ வரவே வராது என்ற வாக்குறுதியைக் கம்பைலர் நம்பி, அந்தக் கேள்விக்கு எப்போதும் இல்லை என்பதே பதில் என்று முடிவுகட்டி, சோதனையையே வெட்டி எறிந்துவிடலாம். ஜிசிசி மெருகேற்றும்போது இப்படித்தான் செய்கிறது. வார்னிங் எதுவும் இல்லாமலே போகலாம். பழுதான சென்சாரின் மதிப்பு அப்படியே கணக்குக்குள் போகும். ‘நான்’ எதோடு கூடினாலும் ‘நான்’தான். “மட்டம் அபாய அளவைத் தாண்டியதா” என்று அதைக் கேட்டால் இல்லை என்றே பதில் வரும். கரை உடையும் அளவுக்குத் தண்ணீர் நின்றாலும் எச்சரிக்கை ஒலிக்காது. நிரலின் வரிகளைப் பத்துத் தடவை வாசித்தாலும் தவறு கண்ணில் படாது; தவறு வரிகளில் இல்லை.

அதனால் ‘ஃபாஸ்ட்-மேத்’ வேண்டுமென்றால், உள்ளே வரும் எண்களைக் ‘கருவி’ வடிகட்டிவிட்டது என்ற உறுதியோடு, ‘கணக்கு’ ஃபோல்டரின் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் கொடுங்கள். லிங்கர், அதாவது கம்பைல் ஆன துண்டுகளைக் கடைசியில் ஒன்றாக ஒட்டும் மென்பொருள், கூப்பிடப்படும் வரியில் அந்த ஃப்ளாக் இருக்கவே கூடாது. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைப் பிராசஸர்) லினக்ஸில் அங்கே அது இருந்தால், நிரல் தொடங்கும்போதே மிக நுண்ணிய எண்களைப் பூஜ்யமாக்கும்படி பிராசஸரின் அமைப்பை மாற்றும் ஒரு சிறு துண்டை ஜிசிசி கூடவே ஒட்டிவிடும். கம்பைல் செய்யும்போது அந்த ஃப்ளாக்கைப் பார்த்தே இராத கோப்புகளுக்கும் விளைவு போய்ச் சேரும்.

இனி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டிய வகை. இரண்டு துண்டுகள் தரவைக் கைமாற்றும் எல்லையில் அதன் அளவையோ அமைப்பையோ மாற்றுகிற எந்த ஃப்ளாக்கும் இதில் சேரும்.

ஃபோர்ட்ரானில் ‘ரியல்’ என்று மட்டும் எழுதினால் வழக்கமாக 4 பைட். கணக்கின் துல்லியம் போதவில்லை என்று யாரோ ‘டீஃபால்ட்-ரியல்-8’ என்ற ஃப்ளாக்கைச் சேர்க்கிறார்கள். நிரலில் ஒரு எழுத்தையும் தொடாமல் எல்லா ‘ரியல்’லும் 8 பைட் ஆகிவிடுகிறது. ஆனால் ‘கருவி’யிலிருந்து சி நிரல் அனுப்புவது 10 மதகுகளின் நீர்மட்டம், ஒவ்வொன்றும் 4 பைட் ‘ஃப்ளோட்’, மொத்தம் 40 பைட். ஃபோர்ட்ரான் அந்த இடத்திலிருந்து 80 பைட்டைப் படிக்கும். முதல் மதகின் அளவும் இரண்டாவது மதகின் அளவும் ஒன்றாக ஒட்டி ஒரே எண்ணாகத் தெரியும். பாதிக்கு மேல் போனால் யாருடையதோ நினைவகம். லிங்கர் ஃபங்ஷனின் பெயர் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். பைட் கணக்கு அதற்குத் தெரியாது. ஆகவே பில்ட் சுத்தமாக முடியும், விடை மட்டும் குப்பையாக வரும்.

இதற்கு நல்ல வழி ஃபோர்ட்ரான் 2003லேயே வந்துவிட்டது. சி மொழியோடு இணைப்பதற்கென்றே ‘ஐஎஸ்ஓ சி பைண்டிங்’ என்ற மாட்யூல் இருக்கிறது. எல்லையில் இருக்கும் மாறிகளை வெறும் ‘ரியல்’ என்று விடாமல் ‘சி ஃப்ளோட்’, ‘சி டபுள்’ வகை என்று எழுதிவிட்டால் மேலே சொன்ன ஃப்ளாக் அவற்றைத் தொடாது. உள்ளே நடக்கும் கணக்கு எந்த அளவில் வேண்டுமானாலும் நடக்கட்டும்.

இந்த வகையில் இன்னும் சில உண்டு. ஸ்ட்ரக்சரின் (பல மாறிகளை ஒன்றாகக் கட்டிய வகையின்) உறுப்புகளை இடைவெளி இல்லாமல் நெருக்கும் ‘பேக்-ஸ்ட்ரக்ட்’, ‘ஈனம்’ (எண்களுக்குப் பெயர் வைக்கும் பட்டியல்) வகையின் அளவைச் சுருக்கும் ‘ஷார்ட்-ஈனம்ஸ்’, சி++ ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் பிழைதேடும் வடிவத்தை இயக்கும் மேக்ரோ (கம்பைலருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் பெயர்), ஜிசிசி 5 காலத்தில் ‘ஸ்ட்ரிங்’ வகையின் உள் அமைப்பு மாறியபோது வந்த பழையது-புதியது தேர்வு. ஹெடர் கோப்பில் (பல கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் பொது அறிவிப்புக் கோப்பில்) “டீபக் பில்டாக இருந்தால் இந்த உறுப்பையும் சேர்” என்று நீங்களே எழுதியிருந்தால் அதுவும் இதில்தான் சேர்த்தி. இவற்றைப் புராஜெக்ட்டின் தலையில் ஒருமுறை எழுதுங்கள், துண்டுக்குத் துண்டு மாற்றாதீர்கள்.

இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிற ஒன்றைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். ஒரே ஒரு சி++ கோப்பின் வேகத்துக்காக ‘ஏவிஎக்ஸ்2’ (பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் பிராசஸர்) கட்டளைகளைப் பயன்படுத்தச் சொல்லும் ஃப்ளாக்கைக் கொடுக்கிறீர்கள். அது அந்தக் கோப்போடு நின்றுவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் ஹெடரில் இருக்கும் இன்லைன் ஃபங்ஷன்களும், ‘வெக்டர்’ போன்ற டெம்ப்ளேட்களும் அவற்றைச் சேர்க்கும் ஒவ்வொரு கோப்பிலும் தனித்தனியாகக் கம்பைல் ஆகின்றன. லிங்கர் அந்த நகல்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். அது வைத்துக்கொண்டது ‘ஏவிஎக்ஸ்2’ நகலாக இருந்தால், மொத்தப் புரோகிராமும் அதைத்தான் கூப்பிடும். உங்கள் லேப்டாப்பில் நன்றாக ஓடும். 2013ல் இன்டெலின் ஹாஸ்வெல் பிராசஸரோடு வந்த கட்டளைகள் அவை. அதற்கு முந்தைய கணினி இருக்கும் அலுவலகத்தில் கொண்டுபோய்ப் போட்டால் “இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்” என்று விழும். அதுவும் வேகத்துக்காகத் தொட்ட கோப்பில் விழாது, சம்பந்தமே இல்லாத ஏதோ ஓர் இடத்தில் விழும். அப்படிப்பட்ட கோப்பை ஹெடர் அதிகம் சேர்க்காத, சிறிய, தனிச் சி கோப்பாக எழுதுவதே நல்லது.

இதையெல்லாம் எங்கே எழுதுவது? 1976ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ என்ற பில்ட் மென்பொருள் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அதில் சிக்கு ஒரு மாறி, சி++க்கு ஒன்று, ஃபோர்ட்ரானுக்கு ஒன்று என்று ஃப்ளாக்குகளுக்குத் தனித்தனி மாறிகள் வழக்கம். ஒரு இலக்குக்கு (உருவாக்க வேண்டிய ஒரு கோப்புக்கு) மட்டும் மாறியை மாற்றவும் முடியும். ஆனால் அந்த மாற்றம் அது சார்ந்திருக்கும் இலக்குகளுக்கும் இறங்கும். சிறிய புராஜெக்ட்டுக்கு இது போதும்.

நான்கு ஃபோல்டர் வந்துவிட்டால் நான் ‘சிமேக்’ என்ற இன்னொரு பில்ட் மென்பொருள் பக்கம்தான் கை காட்டுவேன். அதில் ஒவ்வொரு ஃபோல்டரையும் ஒரு ‘டார்கெட்’ (தனியாகக் கம்பைல் ஆகும் அலகு) ஆக்கி, ‘டார்கெட் கம்பைல் ஆப்ஷன்ஸ்’ என்ற கட்டளையால் அதற்குரிய ஃப்ளாக்கைச் சொல்லலாம். பழைய பயிற்சிப் பக்கங்களில் ‘சிமேக் சி ஃப்ளாக்ஸ்’ என்ற பொது மாறியில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லியிருப்பார்கள். அது எல்லா டார்கெட்டுக்கும் போகும். போதாததற்கு, அதில் எழுதியது லிங்கர் வரிக்கும் போய்விடும். ‘ஃபாஸ்ட்-மேத்’ பற்றி மேலே சொன்ன ஆபத்து நேராக அங்கிருந்து வரலாம். டார்கெட்டுக்கு எழுதும் கம்பைல் ஆப்ஷன் லிங்கருக்குப் போகாது.

அந்தக் கட்டளையில் ‘பிரைவேட்’, ‘பப்ளிக்’, ‘இன்டர்ஃபேஸ்’ என்று மூன்று சொற்கள் வரும். புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான். டெல்டாவில் இதைச் சொல்ல வாய்க்கால் போதும். ‘பிரைவேட்’ என்றால் தண்ணீர் இந்த வயலோடு நின்றது. ‘பப்ளிக்’ என்றால் இந்த வயலுக்கும் பாய்ந்து, வரப்பு வழியாகக் கீழே இருக்கும் வயல்களுக்கும் போகிறது. ‘இன்டர்ஃபேஸ்’ என்றால் இந்த வயலைத் தொடாமல் கீழ் வயல்களுக்கு மட்டும் போகிறது. ‘கணக்கு’ டார்கெட்டின் வேக ஃப்ளாக்கும் பழைய ஃபோர்ட்ரானுக்கான சலுகையும் பிரைவேட். ஹெடரில் ஸ்ட்ரக்சரின் வடிவத்தை மாற்றும் மேக்ரோ ஏதாவது இருந்தால், அதை ‘டார்கெட் கம்பைல் டெஃபினிஷன்ஸ்’ வழியாகப் பப்ளிக் என்று கொடுக்க வேண்டும். ஏனென்றால் அந்த ஹெடரைச் சேர்க்கும் ‘திரை’க்கும் அது தெரிந்தாக வேண்டும். சந்தேகம் வந்தால் பிரைவேட் என்று தொடங்குங்கள்.

ஒரே டார்கெட்டுக்குள் சியும் சி++ம் கலந்திருந்தால், “இந்த ஃப்ளாக் சி++ கோப்புக்கு மட்டும்” என்று மொழியை வைத்து நிபந்தனை எழுதும் வசதியும் ‘சிமேக்’கில் உண்டு. ஒரு தனிக் கோப்புக்கு மட்டும் ஃப்ளாக் கொடுக்கவும் முடியும். ‘வெளி’ லைப்ரரியின் ஹெடர்களைச் ‘சிஸ்டம்’ என்று குறித்துவிட்டால், அவற்றுக்குள்ளிருந்து வரும் வார்னிங்குகள் உங்கள் நிரலை கம்பைல் செய்யும்போது பெரும்பாலும் அடங்கிவிடும். ‘வால்’, ‘வெர்ரர்’ இரண்டையும் ‘கருவி’க்கும் ‘திரை’க்கும் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம்.

எழுதியது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள். ‘சிமேக்’ மூலம் பில்ட் செய்யும்போது ‘வெர்போஸ்’ என்று சேர்த்தால் ஒவ்வொரு கோப்புக்கும் கம்பைலர் கூப்பிடப்பட்ட முழு வரியும் திரையில் வரும். ‘கம்பைல் கமாண்ட்ஸ்’ என்ற ஜேசான் கோப்பையும் எழுதித் தரச் சொல்லலாம். சி, சி++ கோப்புகளின் வரிகளை அதில் தேடிப் பார்ப்பது சுலபம். நீளமாக இருக்கிறதே என்று தாண்டிவிடாதீர்கள். ‘கருவி’யின் ஒரு வரியை எடுத்து இடமிருந்து வலமாக வாசியுங்கள். ‘ஓ2’, ‘ஓ0’ இரண்டும் ஒரே வரியில் இருந்தால் கடைசியில் வருவதுதான் செல்லும். ‘ரிலீஸ்’ வகை பில்டைத் தேர்ந்திருந்தால் நீங்கள் எழுதாத ‘ஓ3’யும், ‘அசர்ட்’ என்ற, ஓடும்போது நிபந்தனையைச் சரிபார்க்கும் சோதனைகளை எல்லாம் அணைத்துவிடும் ‘என்டீபக்’ மேக்ரோவும் அதில் இருப்பதைப் பார்ப்பீர்கள்.

பில்ட் கோப்பை உங்களுக்குப் பிறகு வேறு ஒரு ஜூனியர் திருத்துவார். அதனால் முக்கியமான நிபந்தனைகளை நிரலுக்குள்ளேயே எழுதிவிடலாம். ‘ஃபாஸ்ட்-மேத்’ போட்டால் ஜிசிசியும் கிளாங்கும் அதே பெயரில் ஒரு மேக்ரோவை வரையறுக்கின்றன. ‘கருவி’யின் சென்சார் கோப்பின் தலையில், அந்த மேக்ரோ இருந்தால் எர்ரர் கொடுத்து நிறுத்து என்று மூன்று வரி எழுதி, காரணத்தையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்: “சென்சார் பழுதை ‘நான்’ மதிப்பால்தான் கண்டுபிடிக்கிறோம்.” அதேபோல் சிக்கும் ஃபோர்ட்ரானுக்கும் நடுவே போகும் ஸ்ட்ரக்சருக்குப் பக்கத்தில், அதன் அளவு இத்தனை பைட் என்று ‘ஸ்டேடிக் அசர்ட்’ ஒன்றைப் போடுங்கள்; அது கம்பைல் செய்யும்போதே சரிபார்ப்பது, ‘என்டீபக்’ அதை அணைக்காது. யாராவது ‘பேக்-ஸ்ட்ரக்ட்’டைச் சேர்த்து அளவு மாறினால், கம்பைலர் அந்த வரியிலேயே நின்று சொல்லிவிடும்.